தொட்டியில் இருப்பது எந்த ராட்சத மட்டி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கூத்தாநல்லூர், நாகூர், மயிலாடுதுறை, காரைக்கால் பக்கத்துப் பிள்ளைகள் சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் பிரான்ஸிலும் உப்புநீர்த் தொட்டி வைத்து, அதில் பவளத்தோடு ராட்சத மட்டியும் வளர்க்கிறார்கள். பெருமையாகப் படம் எடுத்து ஊருக்கு அனுப்புகிறார்கள். அந்தப் படம், ஊரில் "மீன் தொட்டிப் பைத்தியம்" என்று பெயர் வாங்கியவருக்கு வாட்ஸ்அப்பில் வந்து சேர்கிறது. கூடவே ஒரே ஒரு வரி: "இது என்ன வகை?" அப்படித் திரும்பத் திரும்ப வருகிற கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். இந்தியாவில் இருந்துகொண்டு வாங்கும் யோசனையில் இருப்பவர்கள், கீழே சட்டத்தைப் பற்றிய கேள்விக்கு நேராகப் போய்விட்டு அப்புறம் மேலே வாருங்கள்.

மொத்தம் எத்தனை வகை இருக்கிறது?

டிரிடாக்னா, ஹிப்போபஸ் என்று இரண்டு பேரினங்கள். இரண்டிலும் சேர்த்து ஏறக்குறைய ஒரு டஜன் இனங்கள். சில ஏதோ ஒரு தீவுக் கூட்டத்தைத் தாண்டி எங்கும் கிடையாது. அவை தொட்டிக்கு வருவதே இல்லை. வெளிநாட்டுக் கடைகளில் நீங்கள் சந்திக்கப் போவது மேக்சிமா, குரோசியா, ஸ்குவாமோசா, டெராசா என்ற நான்குதான். எப்போதாவது ஹிப்போபஸ், நோயே (noae) என்ற இனம். கிகாஸ் மிக அபூர்வம். ஆகவே கேள்வி வந்தால் இந்த நான்கில் தொடங்குங்கள்.

நல்ல நீல நிறம். கடைக்காரர் "மேக்சிமா" என்றார். சரிதானே?

சரியாகவும் இருக்கலாம். ஆனால் நீலம் அதற்குச் சாட்சி இல்லை.

மட்டி வாயைத் திறந்ததும் வெளியே விரிகிற வண்ணச் சதைக்கு மேன்டில் என்று பெயர். அந்தச் சதைக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசிகள் குடியிருக்கின்றன. அவை வெளிச்சத்தில் உணவு தயாரித்து மட்டிக்கும் பங்கு கொடுக்கின்றன. நீலமும் பச்சையும் ஊதாவுமாக மின்னுவது பாசியின் நிறம் அல்ல. மேன்டிலில் உள்ள தனி வகைச் செல்கள் ஒளியைச் சிதறடிப்பதால் வருவது. இந்தச் செல்கள் எப்படி அமைந்திருக்கின்றன என்பது ஒவ்வொரு மட்டிக்கும் மாறும். ஒரே தாய் தந்தைக்கு ஒரே நாளில் பண்ணையில் பிறந்த குஞ்சுகளில் ஒன்று நீலம், ஒன்று தங்கப் பழுப்பு, ஒன்று புள்ளி என்று வரும். நீல மேக்சிமா உண்டு, நீலக் குரோசியா உண்டு, நீலப் புள்ளிகள் கொண்ட ஸ்குவாமோசாவும் உண்டு.

போதாக்குறைக்குத் தொட்டி விளக்கு வேறு. நீல எல்இடி வெளிச்சத்தில் எல்லாமே அழகாகத்தான் இருக்கும். கடைக்காரர் அதை அணைக்க மாட்டார்.

அப்படியானால் எதைத்தான் பார்ப்பது?

ஓட்டைப் பாருங்கள். மூன்று இடங்கள் போதும்.

முதலாவது அடிப்பக்கம். இரண்டு ஓடுகளும் சேரும் கீல் இருக்கிறதே, அதை ஒட்டி ஒரு திறப்பு இருக்கும். பாறையைப் பிடித்துக்கொள்ளும் ஒட்டு நூல்கள் அதன் வழியாகத்தான் வெளியே வருகின்றன. குரோசியாவுக்கும் மேக்சிமாவுக்கும் இந்தத் துளை பெரியது. ஸ்குவாமோசாவுக்குச் சிறியது. டெராசாவுக்கும் கிகாஸுக்கும் ஒடுங்கிய கீற்று, வளர்ந்தவற்றில் ஏறக்குறைய மூடியே இருக்கும். ஹிப்போபஸில் துளையே தெரியாது. இரண்டு ஓடுகளின் ஓரமும் பல்லும் பல்லுமாகப் பொருந்தி அடைத்திருக்கும். அடையாளத்துக்கு என்னைக் கேட்டால் இதைவிட நம்பகமான இடம் வேறில்லை.

இரண்டாவது ஓட்டின் வெளிப்பக்கம். மேலிருந்து கீழாக ஓடும் மடிப்புகள் எத்தனை, எவ்வளவு ஆழம். அவற்றின் மேல் செதில்கள் உண்டா. உண்டென்றால் நெருக்கமா, தள்ளித் தள்ளியா. முழு ஓட்டிலும் இருக்கின்றனவா, மேல் ஓரத்தில் மட்டுமா.

மூன்றாவது, தண்ணீர் உள்ளே போகும் வாய். மேன்டிலை மேலிருந்து பார்த்தால் இரண்டு திறப்புகள் தெரியும். கொஞ்சம் தூக்கிக்கொண்டு குழாயாக நிற்பது கழிவுநீரை வெளியேற்றுவது. நீளமான பிளவாக இருப்பது உள்வாங்கும் வாய். அந்தப் பிளவின் விளிம்பில் மெல்லிய உணர் இழைகள் இருக்கின்றனவா, இருந்தால் கிளை விட்டிருக்கின்றனவா என்று டார்ச் இல்லாமல் பகல் வெளிச்சத்தில் உற்றுப் பாருங்கள். பக்கத்தில் முகத்தைக் கொண்டு போகும்போது நிழல் விழாமல் நகருங்கள். மேன்டில் விளிம்பு நெடுகக் குட்டிக் குட்டிக் கண்கள் உண்டு. நிழல் பட்ட நொடியில் பட்டென்று மூடிக்கொண்டுவிடும், அப்புறம் காத்திருக்க வேண்டியதுதான்.

மேன்டில் நிறத்தை நான்காவதாக வைத்துக்கொள்ளலாம். சந்தேகம் இருந்தால் பக்கபலத்துக்கு, அவ்வளவே.

மேக்சிமாவா குரோசியாவா என்று பிரிக்கத் தெரியவில்லை. இரண்டுக்கும் துளை பெரியது என்கிறீர்களே?

அதிகம் வருகிற கேள்வி இதுதான். குழப்பம் நியாயமானதும்கூட.

முதலில் வடிவம். மேக்சிமாவைப் பக்கவாட்டில் நிறுத்திப் பார்த்தால் ஓடு ஒரு பக்கமாக நீண்டிருக்கும். கீல் நடுவில் இல்லாமல் ஒரு ஓரத்துக்குத் தள்ளியிருக்கும். குரோசியா அதைவிடக் குட்டை, உருண்டை, இரண்டு பக்கமும் கிட்டத்தட்டச் சமம். அதன் அடித்துளையும் உடம்போடு ஒப்பிட்டால் இன்னும் அகலமானது.

அடுத்து செதில். மேக்சிமாவின் மடிப்புகளில் செதில்கள் நாட்டு ஓடு வேய்ந்த கூரைபோல ஒன்றன்மேல் ஒன்றாக நெருங்கி வரிசையாக நிற்கும். மேல் பாதியில் தெளிவாகத் தெரியும், கீழே தேய்ந்திருக்கலாம். குரோசியா வேறு ரகம். அது பவளப் பாறையைத் துளைத்து உள்ளே இறங்கி, மேன்டிலை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு வாழ்கிற மட்டி. பாறையோடு உரசி உரசிச் செதிலெல்லாம் போய், மேல் ஓரத்தில் மட்டும் தட்டையான மெல்லிய வரிகள் மிஞ்சும். கடலிலிருந்து பிடித்த குரோசியாவின் ஓடு பெரும்பாலும் வழவழப்பாக இருப்பது இதனால்தான்.

பண்ணைக் குரோசியா இதற்கு விதிவிலக்கு. தட்டில் வைத்து வளர்த்ததால் உரசல் கிடையாது. செதில் அப்படியே தங்கிவிடும். ஐந்து செ.மீ.க்குக் குறைவான குஞ்சாக இருந்தால் செதிலை நம்பாதீர்கள், வடிவத்தையும் துளையையும் நம்புங்கள். அதிலும் தெளிவில்லை என்றால் சில மாதம் வளரவிட்டுப் பாருங்கள். குஞ்சைப் பார்த்த மாத்திரத்தில் அடித்துச் சொல்கிறவர்களிடம் கொஞ்சம் எச்சரிக்கையாக இருங்கள்.

அளவும் ஒரு துப்பு. குரோசியா குடும்பத்திலேயே சிறியது; 15 செ.மீ. வந்தாலே அதற்கு எல்லை. உங்கள் "குரோசியா" 20 செ.மீ. தாண்டிவிட்டதென்றால் அது குரோசியாவே இல்லை. மேக்சிமா 30 செ.மீ.க்கு மேலும் போகும்.

ஸ்குவாமோசாவை எப்படிக் கண்டுபிடிப்பது?

எளிது. ஓட்டின் மேல் இலை இலையாக, பெரிய செதில்கள் தள்ளித் தள்ளி நிற்கும். கீழிருந்து மேல் வரை இருக்கும். ஓடும் இரண்டு பக்கமும் சமமான வடிவம். உள்வாங்கும் வாயைச் சுற்றிக் கிளை கிளையாக உணர் இழைகள் அடர்ந்திருக்கும். மற்ற இனங்களில் இவ்வளவு தெளிவாக இல்லை. பயணத்தில் செதில் உடைந்து வந்தாலும் இந்த இழைகளை வைத்துச் சொல்லிவிடலாம். சிங்கப்பூரில் இருப்பவர்களுக்கு ஒரு கூடுதல் செய்தி: ஸ்குவாமோசாவும் குரோசியாவும் அந்த ஊர்த் தெற்குத் தீவுகளின் பவளத் திட்டுகளிலேயே இயற்கையாக வாழ்பவை. கிகாஸ் அங்கே ஒழிந்து போய்விட்டது.

டெராசா என்று வாங்கினேன். மச்சான் பார்த்துவிட்டு "இது கிகாஸ்டா, வீட்டை விட்டு உன்னைத் துரத்திவிடும்" என்கிறான்.

மச்சான் சொல்வதில் விஷயம் இருக்கிறது, சரிபார்த்துவிடுங்கள். டெராசாவின் ஓடு வழவழப்பு. மடிப்புகள் அகலமாக, ஆழமில்லாமல், மொத்தம் ஆறேழு. கிகாஸுக்கு நான்கைந்து மடிப்புகள்தான், ஆனால் ஆழமானவை. வளர வளர ஓட்டின் மேல் விளிம்பு முக்கோண முக்கோணமாக நீண்டுவிடும்.

குஞ்சில் மடிப்பை எண்ணுவது சிரமம். அப்போது உள்வாங்கும் வாயைப் பாருங்கள். டெராசாவுக்கு அங்கே உணர் இழைகள் உண்டு. கிகாஸுக்கு இல்லை, விளிம்பு மொழுமொழுவென்று இருக்கும். பழுப்பு மேன்டிலில் நீலம் அல்லது பச்சை வட்டங்கள் மினுங்கினால் கிகாஸ் என்ற சந்தேகம் இன்னும் வலுக்கும். டெராசாவில் வட்டங்களைவிட நீளவாக்குக் கோடுகள்தான் வழக்கம்.

டெராசா 60 செ.மீ. வரை வரும்; அதுவே வீட்டுத் தொட்டிக்கு அதிகம். கிகாஸ் ஒரு மீட்டரைத் தாண்டி, 200 கிலோவுக்கு மேல் எடை போடக்கூடியது. நல்ல வெளிச்சம் கிடைத்தால் ஆண்டுக்கு 5 செ.மீ.க்கு மேல் வளரும். பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் (IUCN) சிவப்புப் பட்டியலில் 2024 முதல் அது அழிவின் விளிம்பில் உள்ள இனம். தெரிந்தே வாங்க வேண்டிய பிராணி இல்லை அது. தெரியாமல் வாங்கியிருந்தால் பொதுக் காட்சித் தொட்டி ஏதாவது ஏற்குமா என்று இப்போதே விசாரியுங்கள், தூக்க முடிகிற வயதில்.

இதன் சதை வெளியே விரியவே இல்லை. நோயா?

ஓட்டைப் பார்க்காமல் நோய் என்று முடிவு கட்டாதீர்கள். ஹிப்போபஸாக இருக்கலாம். அதன் மேன்டில் ஓட்டின் விளிம்பைத் தாண்டி மடிந்து வெளியே வராது, அதுவே அதன் இயல்பு. பழுப்பும் ஆலிவ் பச்சையும் கலந்த நிறம், கனமான ஓடு, ஓட்டின் மேல் செம்பட்டைத் திட்டுகள், அடியில் துளை இல்லை. இவை பொருந்தினால் கவலை வேண்டாம். டிரிடாக்னா எதுவாக இருந்தாலும் மேன்டில் சுருங்கியே கிடப்பது நல்ல அறிகுறி இல்லை.

"டியர்டிராப் மேக்சிமா" என்று தனி விலை வைத்திருக்கிறார்கள். அது என்ன?

பெரும்பாலும் அது மேக்சிமா அல்ல, நோயே (noae) என்ற இனம். 1798இலேயே ரோடிங் என்ற விலங்கியலாளர் பெயர் வைத்தது. பிறகு வந்தவர்கள் அதை மேக்சிமாவோடு சேர்த்துவிட்டார்கள். மரபணுவையும் உடல் அமைப்பையும் பார்த்து 2014இல் மறுபடி தனி இனமாக நிறுத்தினார்கள். ஓடு மேக்சிமாவை ஒத்திருப்பதால் இங்கே மட்டும் மேன்டிலைப் பார்த்தாக வேண்டும். மேலே நான் சொன்ன விதிக்கு இதுதான் விலக்கு. மேன்டில் விளிம்பில் கண்ணீர்த்துளி வடிவத் திட்டுகள், ஒவ்வொன்றையும் சுற்றி வெள்ளை வரி, கண்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாக. மேக்சிமாவில் கண்கள் விளிம்பை ஒட்டி நெருக்கமாக வரிசை கட்டியிருக்கும். வளர்ப்பில் பெரிய வித்தியாசம் இல்லை, ஆகவே அந்தத் தனி விலைக்கு மசிய வேண்டியதில்லை.

ஜித்தாவில் இருக்கிறேன். அங்கே கடலில் பார்ப்பது?

மேக்சிமா, ஸ்குவாமோசா இரண்டும் செங்கடலில் உண்டு. மூன்றாவதாக ஸ்குவாமோசினா என்று ஒன்று, அரிதானது. ஸ்குவாமோசா வேறு, இது வேறு. கடலில் பார்த்துவிட்டு வாருங்கள், எடுக்காதீர்கள்.

எந்த அடையாளமும் முழுசாகப் பொருந்தவில்லை. கலப்பினமாக இருக்குமா?

இருக்கலாம். பண்ணைத் தொட்டியில் பல இனங்களின் கருமுட்டையும் விந்தும் ஒரே தண்ணீரில் கலந்துவிட்டால் கலப்புக் குஞ்சு பிறக்கும். ஆனால் என் அனுபவத்தில் "கலப்பினம்" என்று வருகிற படங்களில் பெரும்பகுதி, ஓடே தெரியாமல் மேலிருந்து எடுத்த சாதாரண மேக்சிமா.

பெயர் தெரிந்து என்ன ஆகப் போகிறது? அழகாக இருந்தால் போதாதா?

வைக்கிற இடம் மாறும். மேக்சிமாவும் குரோசியாவும் பாறையைப் பிடித்து வாழ்பவை. வெளிச்சமும் அதிகம் கேட்பவை. அவற்றைத் தொட்டியின் மேல் பாதியில், பாறையின் பள்ளத்தில் உட்கார வையுங்கள். மணலில் வைத்தே ஆகவேண்டும் என்றால் அடியில் ஒரு தட்டைக் கல்லைப் புதைத்துவிட்டு அதன்மேல் வையுங்கள். ஒட்டு நூல் கல்லைப் பிடித்துக்கொள்ளும்; பிறகு இடம் மாற்றும்போது கல்லோடு தூக்கிவிடலாம். ஒட்டியிருப்பதைப் பிடித்து இழுத்தால் நூலோடு சேர்த்து அது முளைக்கும் உறுப்பும் பிய்ந்து வரும், அப்படி வந்தால் பிழைப்பது கஷ்டம். நூலைத்தான் பிளேடால் அறுக்க வேண்டும், அதுவும் பாறையை ஒட்டி.

டெராசா, ஹிப்போபஸ் இரண்டும் மணல் மட்டிகள். வெளிச்சத்திலும் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். முதன்முதலாக வாங்குகிறவருக்கு டெராசாதான் பொறுமையான துணை. பலாவ் தீவுப் பண்ணைகளில் நெடுங்காலமாக வளர்த்துப் பழகிய இனம். ஸ்குவாமோசா இடைப்பட்டது. பாறைத் துண்டுகள் கலந்த அடித்தளத்தில் நன்றாக இருக்கும்.

கும்பகோணத்தில் என் வீட்டில் ஒன்று வைக்க வேண்டும். எங்கே வாங்குவது?

வாங்கக் கூடாது. மழுப்ப வேண்டிய விஷயம் இல்லை இது.

வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972இன் முதல் அட்டவணையில் 2001இலேயே மேக்சிமா, ஸ்குவாமோசா, ஹிப்போபஸ் மூன்றையும் சேர்த்துவிட்டார்கள். கல் பவளங்களும் அதே அட்டவணையில்தான். புலிக்கும் யானைக்கும் உள்ள அதே அட்டவணை. தண்டனை 3 முதல் 7 ஆண்டு வரை சிறை, அபராதம் தனி. அட்டவணை சொல்வது இனத்தின் பெயரை. கடலில் பிறந்ததா பண்ணையில் பிறந்ததா என்று அது பிரிக்கவில்லை.

"அப்படியானால் குரோசியா, டெராசா?" என்று அடுத்த கேள்வி வரும். ராட்சத மட்டிக் குடும்பம் முழுவதும் 1985 முதல் சைட்டிஸ் (அருகி வரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு ஒப்பந்தம்) இரண்டாம் இணைப்பில் இருக்கிறது. 2022 திருத்தம் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தபின், சைட்டிஸ் உயிரினங்களுக்கும் அனுமதி, பதிவு எல்லாம் இந்தியச் சட்டத்துக்குள்ளேயே வந்துவிட்டன. காகிதம் எதுவும் இல்லாமல் "பார்சலில் அனுப்புகிறேன்" என்று யாராவது சொன்னால், பெயர் என்னவாக இருந்தாலும் கையை உதறிவிடுங்கள். மரைன் தொட்டியே வேண்டாம் என்று சொல்லவில்லை. க்ளௌன் மீன் போன்ற பண்ணை மீன்களை வைத்தே அருமையான உப்புநீர்த் தொட்டி அமைக்கலாம். கத்திரி வெயிலையும் மின்வெட்டையும் தாண்டி அதைக் காப்பாற்றுவதே ஒரு வேலை.

நம் கடற்கரையில் கிடைக்குமா? தரங்கம்பாடியில் கிளிஞ்சல் நிறையக் கிடக்கிறதே.

கிளிஞ்சல் வேறு, இது வேறு. ராட்சத மட்டிக்குத் தெளிந்த தண்ணீரும் வெயிலும் வேண்டும், உள்ளே இருக்கும் பாசி பிழைக்க வேண்டுமே. காவிரியும் கொள்ளிடமும் வண்டல் கொட்டுகிற கடல் நம்முடையது; ஐப்பசி கார்த்திகை வெள்ளத்தில் கரையோரம் காபி நிறத்தில் இருக்கும், உப்பும் குறைந்துவிடும். பவளத் திட்டும் இல்லை. இந்தியாவில் இவற்றைப் பார்க்க லட்சத்தீவுக்கோ அந்தமான் நிகோபாருக்கோ போக வேண்டும்.

எங்கள் வீட்டுத் திண்ணையில் தாத்தா பினாங்கிலிருந்து கொண்டுவந்த பெரிய ஓடு இருக்கிறது. என்ன இனம்? வைத்திருக்கலாமா?

நாகூர், கூத்தாநல்லூர் பழைய வீடுகளில் இதைக் கேட்பது புதிதல்ல. வெறும் ஓடு என்றால் அடையாளம் காண்பது இன்னும் சுலபம், கவிழ்த்துப் பார்க்கலாமே. அடித்துளை, மடிப்பு, செதில் என்று அதே வரிசையில் போங்கள். முழங்கையைவிட நீளமாக, ஆழமான நான்கைந்து மடிப்புகளோடு, விளிம்பு முக்கோணமாக நீண்டிருந்தால் கிகாஸ். பாரிஸில் இருக்கும் காரைக்கால்காரர்கள் செயின்ட் சுல்பிஸ் தேவாலயத்துக்குப் போனால் தீர்த்தத் தொட்டியாகவே வைத்திருக்கும் கிகாஸ் ஓடுகளைப் பார்க்கலாம். வெனிஸ் குடியரசு முதலாம் பிரான்சிஸ் மன்னருக்குக் கொடுத்தவை அவை.

வைத்திருப்பது பற்றி: அட்டவணையில் உள்ள இனமென்றால் ஓட்டுக்கும் சட்டம் பொருந்தும். விற்பது, வாங்குவது, கைமாற்றுவது எதுவும் வேண்டாம். பழைய குடும்பச் சொத்து என்றால் நாகப்பட்டினம் வன உயிரினக் காப்பாளர் அலுவலகத்தில் கேட்டுவிட்டு அவர்கள் சொல்கிறபடி செய்யுங்கள். புதிதாகக் கொண்டுவர நினைப்பவர்கள் "மூன்று ஓடு, மொத்தம் 3 கிலோவுக்குள் என்றால் கொண்டுபோகலாம்" என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். பயணியின் சொந்தப் பொருளுக்கு சைட்டிஸில் அப்படி ஒரு சலுகை இருப்பது உண்மை. ஆனால் திருச்சி விமான நிலையத்தில் உங்களை நிறுத்திக் கேட்கப் போவது இந்தியச் சட்டம்.

அடையாளம் கேட்டுப் படம் அனுப்ப வேண்டும். எப்படி எடுப்பது?

நான்கு படம் போதும். மேலிருந்து மேன்டில் முழுசாக ஒன்று. பம்பை நிறுத்தி, தண்ணீர் அசைவு அடங்கியதும் எடுங்கள். உள்வாங்கும் வாயை நெருங்கி ஒன்று. பக்கவாட்டில் ஓடு முழுவதும் தெரிய ஒன்று. அடிப்பக்கம் ஒன்று, இது பாறையை இன்னும் பிடிக்காத மட்டிக்கு மட்டும், தண்ணீருக்குள்ளேயே மெல்லச் சாய்த்து எடுக்க வேண்டும். ஒட்டிவிட்ட மட்டியைப் படத்துக்காகப் பெயர்க்க வேண்டாம். மீதி மூன்றை வைத்தே பெரும்பாலும் சொல்லிவிடலாம். விளக்கை வெள்ளைக்கு மாற்றுங்கள். பக்கத்தில் ஒரு ஸ்கேலைப் பிடியுங்கள், இல்லாவிட்டால் நீளத்தையாவது எழுதுங்கள். எந்த நாட்டில் வாங்கியது, பண்ணையா கடலா என்று கடைக்காரர் என்ன சொன்னார் என்பதையும் சேர்த்து அனுப்புங்கள்.